‘ஹவ் டு நேம் இட்’டுக்குப் பிறகு என்ன கேட்பது?

இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ 1986-இல் வந்தது. பாட்டு வரிகள் கிடையாது, வெறும் வாத்தியம். தியாகராஜருக்கும் ஜெர்மனியின் பாக்குக்கும் சமர்ப்பணம். தென்காசி, குற்றாலம் பக்கத்திலும் அதைக் கேட்டுக் கிறுக்குப் பிடித்தவர்கள் உண்டு. கேசட் தேய்ந்த பிறகு, “இதே மாதிரி வேற என்ன இருக்கு?” என்று தேடுவோம்.

1988-இல் ‘நத்திங் பட் விண்ட்’ வந்தது. ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல் அருமைதான். ஆனால் என் காதுக்கு அது வேறு வீட்டுப் பிள்ளை. குழல் உருகுகிறது, முந்தையதில் வி.எஸ்.நரசிம்மனின் வயலின் வாதாடுகிறது.

அதன் சொந்தங்களைப் பின்னால் போய்த்தான் தேட வேண்டும். பாக்கின் தனி வயலின் பார்ட்டிட்டா ஒன்று. இன்னொன்று நம் எட்டயபுரத்தில் இருக்கிறது. முத்துசாமி தீட்சிதர், சென்னையில் வெள்ளைக்காரர் வாசித்த மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்தியம் போட்டார்; அவைதான் நோட்டுஸ்வரங்கள். ஐரோப்பியரிடம் வயலின் கற்று, அதைக் கர்நாடக சங்கீதத்துக்குக் கொண்டுவந்த அவர் தம்பி பாலுசாமி, எட்டயபுரம் சமஸ்தான வித்வான். அண்ணன் 1835-இல் காலமானதும் அவ்வூரில்தான்.

நோட்டுஸ்வரத்தைப் பிள்ளைகள் பாடம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அதுதான் எனக்கு வருத்தம். ‘சக்தி சஹித கணபதிம்’ ஒருமுறை கேளுங்கள். கையோடு ராஜாவின் கேசட்டைப் போடுங்கள்.