கல்வித் தகைமையும் தொழில் வாழ்வும்: கண்டிச் சீமையின் வரலாறு கூறுவது

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம்மவரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்திக் கடைக்கோ தொழிற்சாலைக்கோ சென்ற இளைஞர் இதனை எடுத்தாளுதல் உண்டு. பட்டம் பெற்றும் ஆண்டுக் கணக்கில் உத்தியோகமின்றி இருப்போரைச் சுட்டிக்காட்டிப் பெற்றோர் சிலர் இதனை ஆமோதிப்பதும் உண்டு. மறுபுறத்தில், பட்டம் இல்லையேல் வாழ்வே இல்லை என்று பிள்ளைகளை அச்சுறுத்துவோரும் நம்மிடையே உளர். இவ்விரு கூற்றுக்களுள் எது பொருந்தும் என்பதை வாதத்தினால் மட்டும் முடிவுசெய்தல் அரிது. வரலாறு ஓரளவு விடை தரக்கூடும். கண்டி நகரமும் அதனைச் சூழ்ந்த மலைநாடும் கடந்த இரு நூற்றாண்டுகளிற் கண்ட மாற்றங்களை ஆராயுமிடத்து, கல்வித் தகைமைக்கும் தொழிலுக்கும் இடையிலான தொடர்பு எவ்வாறு தோன்றியது, எவருக்குப் பயன்பட்டது, எவருக்குப் பயன்படாது போயிற்று என்பன புலனாகும்.

மன்னராட்சிக் காலத்தில் இத்தகைய தொடர்பு இருந்ததில்லை. கண்டி இராச்சியத்தில் ஒருவன் செய்யும் தொழிலை அவன் பிறந்த குலமும், அவன் உழுத நிலத்தோடு பிணைந்த இராஜகாரியக் கடமையும் நிருணயித்தன. தந்தையிடமிருந்து மகன் தொழிலைக் கற்றான். விகாரைகளிற் குருமார் நூல்களைப் பேணினர். கற்றமைக்குச் சான்றாக ஒரு பத்திரத்தைக் காட்டித் தொழில் கேட்கும் வழக்கம் எவருக்கும் தேவைப்படவில்லை. 1815ஆம் ஆண்டில் இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. கோல்புறூக், கமரன் ஆகியோரின் விசாரணையைத் தொடர்ந்து 1832இல் இராஜகாரியம் ஒழிக்கப்பட்டது. 1833ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களால் அரசாங்க சேவையின் உயர் பதவிகளும் இந்நாட்டவருக்குத் திறந்துவிடப்பட்டன. ஆயினும் அவ்வாயிலிற் புகுவதற்கு ஆங்கிலம் வேண்டும். பிறப்பு வகித்த இடத்தைப் பள்ளிக்கூடம் பெறத் தொடங்கியது அப்பொழுதே எனலாம்.

கண்டி நகரின் பெரும் பாடசாலைகள் எழுந்த காலத்தை நோக்கின் இவ்வுண்மை தெளிவாகும். அந்தோனியார் கல்லூரி 1854இலும், திரினித்திக் கல்லூரி 1872இலும், பெண்கள் உயர்தரப் பாடசாலை 1879இலும், தர்மராஜக் கல்லூரி 1887இலும், கிங்ஸ்வூட் கல்லூரி 1891இலும் தோன்றின. நாற்பது ஆண்டுகளுக்குள் ஒரு சிறு மலைநகரில் இத்தனை கல்விக்கூடங்கள் எழுந்தமைக்குச் சமயப் பற்றும் சமயப் போட்டியும் காரணங்களாம். எனினும் கச்சேரியிலும் நீதிமன்றத்திலும் புகையிரதப் பகுதியிலும் வங்கிகளிலும் கிடைத்த சம்பள உத்தியோகங்களே பெற்றோரைப் பாடசாலை வாயிலுக்கு அழைத்து வந்தன. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் பரீட்சைகள் 1880இல் இலங்கைக்கு வந்தபின், படிப்பின் அளவுகோல் பரீட்சைச் சித்தியாயிற்று.

அக்காலத்திலும் பட்டமின்றி உயர்ந்தோர் இருந்தனர். கண்டியிற் பிறந்து, 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ என்னும் தமிழ்ப் பத்திரிகையைத் தொடங்கிய சித்தி லெப்பை பிரக்கிராசியாகத் தொழில் செய்தவர். அந்நாளிற் பிரக்கிராசியாவதற்குப் பல்கலைக்கழகம் செல்ல வேண்டியதில்லை; மூத்த சட்டத்தரணி ஒருவரிடம் பயின்று பரீட்சிக்கப்பட்டால் போதும். இன்னும் பெரிய எடுத்துக்காட்டு ஜேம்ஸ் டெய்லர் ஆவர். ஸ்கொத்லாந்தில் மாணவ ஆசிரியராயிருந்த அவர் 1852இல், பதினாறு வயதில், இலங்கைக்கு வந்தார். 1867இல் ஹேவாஹெட்டப் பகுதியிலுள்ள லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரிற் தேயிலை பயிரிட்டு, ஒரு நாட்டின் பொருளாதாரத்தையே மாற்றிய கைத்தொழிலுக்கு அடிகோலினார். அவரிடம் பட்டம் இல்லை. ஆனால் ஆளும் இனத்தைச் சேர்ந்தவர் என்ற தகைமை அவருக்கு இருந்தது. துரை பதவிக்கு அக்காலத்தில் அதுவே பெரிய சான்றிதழ். அவருடைய தோட்டத்திற் பாடுபட்ட தமிழ்த் தொழிலாளியின் மகனுக்கு அத்தகைய மாற்று வழி எதுவும் இருந்ததில்லை.

அத்தொழிலாளியின் நிலையைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும். முதலிற் கோப்பிக்காகவும், 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலைக்காகவும் தென்னிந்தியாவிலிருந்து மக்கள் கண்டிச் சீமைக்குக் கொண்டுவரப்பட்டனர். தோட்டத்தின் படிவரிசை எழுத்தறிவினாற் பிரிக்கப்பட்டிருந்தது. பெரிய துரை, சின்னத் துரை, கிளாக்கர், டீ மேக்கர், கணக்கப்பிள்ளை என்போர் எழுதப் படிக்க அறிந்தவர்கள். லயத்தில் வாழ்ந்தோர் பெரும்பாலும் அறியாதவர்கள். செக்றோலில் தம் பெயருக்கு எதிரே எத்தனை நாள் இடப்பட்டது என்பதைக்கூடப் பிறர் சொல்லக் கேட்டே அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கணக்கப்பிள்ளைக்கு இருந்த அதிகாரத்திற் பாதி அவர் கையிலிருந்த பென்சிலிலிருந்து வந்தது என்றால் மிகையாகாது.

1907ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், தோட்டத்திலுள்ள 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்தின்மேற் சுமத்தியது. 1920ஆம் ஆண்டுச் சட்டம் அப்பொறுப்பை மேலும் வலியுறுத்திற்று. ஆயின் நடைமுறையிற் கிடைத்தது யாது? ஒரு மண்டபம், ஓர் ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு முடிந்த படிப்பு என்பவையே பெரும்பாலான தோட்டங்களிற் காணப்பட்டன. பத்து வயதுடன் கல்வி முற்றுப்பெறும். அதன்மேற் கொழுந்துக் கூடையும் முள்ளுக்கத்தியும் காத்திருந்தன. பெண் பிள்ளைகளின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளும் பொருட்டு அந்த ஐந்து வகுப்புக்களும் பலருக்கு வாய்க்கவில்லை. பட்டம் வேண்டுமா, வேண்டாமா என்ற வினாவே அவர்கள் வாழ்விற் பிறக்கவில்லை. அவ்வினாவுக்கு முன்னுள்ள படிகள் அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தன.

கங்காணிமார் கல்வியின்றியே செல்வரானார்களே என்று சிலர் வினவக்கூடும். உண்மைதான். ஆனால் அச்செல்வத்தைக் கொண்டு அவர்கள் செய்தது யாது என்பதைக் கவனித்தல் வேண்டும். சௌமியமூர்த்தி தொண்டமானின் தந்தை கருப்பையா, தொழிலாளியாக வந்து கங்காணியாகி, பின்னர் இறம்பொடையில் வேவண்டன் தோட்டத்துக்கு உரிமையாளரானவர். அவர் தம் மகனைக் கம்பளை சென்ற் அன்றூஸ் கல்லூரிக்கு அனுப்பினார். மகன் பல்கலைக்கழகப் பட்டம் பெறவில்லை. எனினும் ஆங்கிலக் கல்வி அளித்த பேச்சும் எழுத்தும் அவரிடம் இருந்தன. 1947இல் நுவரெலியாத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் புகுந்த அவர் 1978இல் அமைச்சரானார். எழுத்தின்றி உயர்ந்த தலைமுறை, தன் மக்கள் எழுத்தின்றி வாழ்தல் கூடாது என்று கருதியமை ஈண்டு நோக்கற்பாலது.

இனி, பட்டத்தைப் பற்றிச் சிந்திப்போம். 1858ஆம் ஆண்டுச் சாசனத்தின் பின்னர் இலண்டன் பல்கலைக்கழகம், தன் கல்லூரிகளிற் பயிலாதவர்களும் பரீட்சைக்குத் தோற்றிப் பட்டம் பெறலாம் என வழிவகுத்தது. கடல் கடந்து செல்லப் பொருளில்லாத இலங்கையருக்கு இது பெருவாய்ப்பாயிற்று. 1921இல் நிறுவப்பட்ட இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரியின் மாணவரும் இலண்டன் பரீட்சைகளுக்கே தோற்றினர். இவ்வழியின் பயனை உணர்த்துவதற்குச் சுவாமி விபுலாநந்தரின் வாழ்வினும் சிறந்த சான்று இல்லை. 1892இற் பிறந்த அவர் பதினாறு வயதில் கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையிற் சித்தியடைந்தார். ஆசிரிய பயிற்சி பெற்றார். தொழில் புரிந்துகொண்டே தனிமுறையிற் பயின்று இலண்டன் விஞ்ஞானப் பட்டதாரியானார். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதரும் ஆனார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் பதவி அவரைத் தேடி வந்தது. அவர் பெற்ற பட்டம் விஞ்ஞானத்தில். வகித்த பதவி தமிழில். பட்டமே அனைத்தையும் தீர்மானிப்பதில்லை என்பதற்கும், பட்டமின்றி அந்நிலையை எய்துதல் எளிதன்று என்பதற்கும் இவ்வரலாறு ஒருங்கே சான்றாகும். பள்ளிப் படிப்பை உரிய காலத்தில் முடித்திருந்தமையாலன்றோ தொழில் செய்துகொண்டே மேற்படிப்பை அவரால் தொடர முடிந்தது!

1945இல் இலவசக் கல்வி வந்தது. 1942இல் நிறுவப்பெற்ற இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் மகாவலியின் கரையிலுள்ள பேராதனைக்குக் குடியேறியது. நாட்டின் தலைசிறந்த கல்விக்கூடம் கண்டிக்கு அண்மையில் எழுந்தது. அதன் கட்டடங்களிலிருந்து காணக்கூடிய ஹந்தானை மலைச் சரிவுகளில் வாழ்ந்த தொழிலாளரின் பிள்ளைகளோ ஐந்தாம் வகுப்போடு நின்றுகொண்டிருந்தனர். மேலும் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. வறுமையையும் தூரத்தையும் வென்று பரீட்சையிற் சித்தியடைந்த ஓர் இளைஞன்கூடக் குடியுரிமைப் பத்திரம் இல்லாமையால் அரசாங்க உத்தியோகத்துக்கு விண்ணப்பிக்க இயலாதவனானான். 1964ஆம் ஆண்டு சிறீமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் உரியவராகப் பங்கிடப்பட்டபோது, எந்நாட்டில் வாழப்போகிறோம் என்று அறியாத குடும்பங்களிற் பிள்ளைகளின் படிப்பு என்னாகும் என்பதை நாம் ஊகிக்கலாம். சான்றிதழுக்குத் தானாக ஒரு மதிப்பு இல்லை. அதனை ஏற்கும் நாடும் சட்டமும் இருந்தாலன்றி அது வெறுந்தாளே என்ற கசப்பான பாடத்தை மலையகம் அக்காலத்திற் கற்றது.

பெருவாரியாகச் சான்றிதழ் பெற்ற ஏனைய சமூகங்களும் வேறொரு கசப்பைச் சுவைத்தன. இலவசக் கல்வி படித்தவர் தொகையைப் பெருக்கியது. உத்தியோகங்கள் அவ்வேகத்திற் பெருகவில்லை. 1971 ஏப்ரலில் வெடித்த கிளர்ச்சியிற் சேர்ந்தோருட் பலர் கல்வி கற்றும் வேலையற்றிருந்த கிராமத்து இளைஞர். அதே ஆண்டில், டட்லி சியர்ஸ் தலைமையில் வந்த சர்வதேசத் தொழில் தாபனத்தின் தூதுக்குழு, இளைஞரின் எதிர்பார்ப்புக்கும் நாட்டிலுள்ள தொழில்களுக்கும் பொருத்தமின்மையே நோயின் மூலம் என்று எடுத்துரைத்தது. றொனால்ட் டோர் என்னும் அறிஞர் 1976இல் வெளியிட்ட நூலில், சான்றிதழ் வேட்கையைப் பிணி எனவே பெயரிட்டு, அதற்கு இலங்கையையும் ஓர் எடுத்துக்காட்டாகக் கொண்டார். ஒரே பதவிக்குப் பலர் போட்டியிடும்போது கேட்கப்படும் தகைமை உயர்ந்துகொண்டே செல்லும். நேற்றுச் சாதாரண தரம் போதுமாயிருந்த இடத்தில் இன்று உயர்தரமும் நாளைப் பட்டமும் கேட்கப்படும் என்பது அவர் கூறியதன் சாரம். அந்நிலை இன்றும் மாறவில்லை. 2020இற்கூட அரசாங்கம் பல்லாயிரம் வேலையற்ற பட்டதாரிகளைப் பயிலுநராகச் சேர்த்துக்கொள்ள நேர்ந்தது.

அங்ஙனமாயின் பழமொழி வென்றதா? இல்லை என்பதை அடுத்து நிகழ்ந்தவை காட்டுகின்றன. தோட்டங்கள் 1975இல் அரசுடைமையான பின், 1977 முதற் தோட்டப் பாடசாலைகள் படிப்படியாக அரசாங்கத்தின் பொறுப்பில் வந்தன. 1988ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டுச் சட்டமும் நாடற்றோர் நிலைக்கு முடிவு கட்டின. நூற்றாண்டுக் காலம் மூடியிருந்த வாயில் திறந்தது. பாடசாலைகளுக்கு ஆசிரியர் தேவைப்பட்டனர். தோட்டத்துப் பிள்ளைகளையே ஆசிரியராக நியமிக்க அரசு முன்வந்தது. அந்நாளில் அந்நியமனங்களைப் பெற்றவர் எவர்? எப்பயனும் இல்லை என்று பலர் எள்ளி நகையாடிய காலத்திலும், மைல் கணக்கில் நடந்து நகரப் பாடசாலைக்குச் சென்று க.பொ.த. சாதாரண தரத்தை முடித்திருந்த சிலரே. கொட்டகலைக்கு அருகிலுள்ள ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியிற் பின்வந்தோர் பயிற்சி பெற்றனர். 2014இல் மலையகப் பாடசாலைகளுக்கென ஆசிரிய உதவியாளர் மூவாயிரத்தினும் மேற்பட்டோருக்கு விண்ணப்பம் கோரப்பட்டபோதும், கேட்கப்பட்டது பட்டம் அன்று; உயர்தரச் சித்தியே. இவ்வாறு ஆசிரியரானவருட் பலர், 1980இல் தொடங்கிய திறந்த பல்கலைக்கழகத்தின் வழியாகவோ, பேராதனை முதலிய பல்கலைக்கழகங்களின் வெளிவாரிப் பரீட்சைகள் வழியாகவோ பின்னர்ப் பட்டதாரிகளாயினர். வெளிவாரியாகவே கலைமாணிப் பட்டம் பெற்றவன் என்ற முறையில், இரவுப் படிப்பின் களைப்பை யானும் அறிவேன். அப்படிப்புக்குரிய அனுமதிச் சீட்டு பள்ளி இறுதிச் சான்றிதழே என்பதையும் அறிவேன்.

ஆகவே, வரலாறு தரும் விடையை இவ்வாறு தொகுத்துக் கூறலாம். பட்டமும் பள்ளிப் படிப்பும் ஒரே தராசில் நிறுக்கத்தக்கன அல்ல. பட்டம் பிந்தலாம்; தொழில் செய்துகொண்டே அதனைப் பெறலாம்; சில தொழில்களுக்கு அது வேண்டாமலும் இருக்கலாம். பள்ளிப் படிப்பை இடையில் விட்டவனுக்கோ பின்னர் அதனை முடிக்கும் வாய்ப்புக் கிட்டுதல் மிக அரிது. வாயில்கள் எப்பொழுது திறக்கும் என்பது நம் கையில் இல்லை. திறக்கும் நாளில் ஆயத்தமாக நிற்பது நம் கையில் உள்ளது. 1988இலோ 2003இலோ குடியுரிமை பெற்ற ஒருவர் அதற்காகத் தம் பிள்ளைப் பருவத்துக்குத் திரும்பிச் சென்று ஆறாம் வகுப்பிற் சேர முடியவில்லை.

இன்று தோட்டப் பிள்ளைகளுக்கு நகரப் பாடசாலை வாயில் மூடப்படவில்லை. எனினும் சாதாரண தரப் பரீட்சை எழுதுமுன்னரே கொழும்புக் கடைகளுக்கும் வீட்டு வேலைக்கும் செல்லும் பிள்ளைகளை நாம் காண்கிறோம். முதல் மாதச் சம்பளம் வீட்டுக்கு வரும்போது பெற்றோர் மகிழ்வதைக் குறைகூற இயலாது. அவர்தம் வறுமை அத்தகையது. ஆனால் அப்பிள்ளை இழந்தது இன்னதென்பது பத்தாண்டுகளின் பின்னரே தெரியும். எனவே ஆசிரியராகிய நாம் வகுப்பில் வெறுமையாகக் கிடக்கும் ஓர் இருக்கையைக் கண்டால், வரவுப் பதிவேட்டில் அடையாளமிட்டு அமைந்துவிடாது, அப்பிள்ளையின் வீடுவரை சென்று விசாரித்தல் வேண்டும். பழைய மாணவர், பரீட்சைக் காலத்தின் ஓராண்டுச் செலவைத் தாங்க இயலாத குடும்பங்களுக்குக் கைகொடுத்தல் வேண்டும். மாணவரோ, பட்டம் பெறுவோமா என்ற கவலையைச் சற்றே ஒதுக்கி, தொடங்கிய படிப்பை முடித்தே தீர்வது என உறுதி பூணுதல் வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட தம் பாட்டன் பாட்டியர்க்குக் கிட்டாத அந்த இறுதி ஆண்டுகள் தமக்குக் கிட்டியுள்ளன என்பதை அவர்கள் மறவாதிருப்பார்களாக.