12 படத்தில் ஒரு கல்யாணம்

அபிஷேகப்பாக்கத்துக் கல்யாணங்களை அப்பா யாஷிகா மேட் 124ஜி ஃபிலிம் கேமராவில் எடுத்தார். ஒரு 120 ரோலுக்குச் சதுரமாக 12 படம்தான். தாலி கட்டும் நேரத்துக்கென்று இரண்டையாவது மிச்சம் வைப்பார். அந்தச் சிக்கனம்தான் அவர் கண்ணைக் கூர்மையாக்கியது என்பேன்.

இனி டிஜிட்டலுக்கு வருவோம். 1975-இல் கோடக்கின் ஸ்டீவன் சாசன் செய்த டிஜிட்டல் கேமரா 3.6 கிலோ எடை, வெறும் 0.01 மெகாபிக்சல். 2003-இல் கேனன் 300டி 6.3 மெகாபிக்சலோடு ஆயிரம் டாலருக்குள் வந்தது. அங்குலத்துக்கு 300 புள்ளி என்றாலும் 10 அங்குல அகலத்தில் தெளிவாக அச்சாகும். வீட்டு ஆல்பத்துக்கு அதுவே தாராளம்!

ஆகவே, தொழிலுக்கு வரும் பிள்ளைகளே, கேமரா பாடியைப் பழையதாகவே வாங்குங்கள். மிச்சப் பணத்தில் 50 எம்எம் 1.8 லென்ஸ். பந்தலின் மங்கல் வெளிச்சத்தில், 3.5 வரை மட்டுமே திறக்கும் லென்ஸைவிட அது ஏறக்குறைய நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடும்.