நம்ம வீட்டு ஆளு

சின்ன வயதில் நான் சொல்பேச்சு கேட்காதபோதெல்லாம் அப்பாயி என்னை ஒரு பெயர் சொல்லித் திட்டும். "பினாங்குக்காரி." உச்சி வெயிலில் வாய்க்காலுக்குப் போனால் பினாங்குக்காரி. பெரியப்பா பேசும்போது குறுக்கே பேசினால் பினாங்குக்காரி. இன்ஜினியரிங் முடித்து, சென்னையில் வேலை கிடைத்து, திருவாரூர் பழைய பஸ் ஸ்டாண்டில் பெட்டியோடு நின்றேனே, அன்றைக்கும் அதே பெயர்தான். ஆனால் அன்றைக்குத் திட்டு மாதிரி இல்லை.

யார் அந்தப் பினாங்குக்காரி என்று கேட்டால் எப்போதும் ஒரே பதில்தான். "நம்ம வீட்டு ஆளுதான். நாகப்பட்டினத்துல கப்பல் ஏறி ஓடிப்போயிட்டா." பெயர் கிடையாது, வருஷம் கிடையாது. ஏன் ஓடினாள் என்பதும் கிடையாது. எனக்கு அதுவே போதுமாக இருந்தது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக வாசல் தாண்டிய பெண் அவள், இரண்டாவது நான் என்று ஒரு வரிசை வைத்துக்கொண்டேன். ஹாஸ்டல் தோழிகளிடம் இதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். கேட்ட எல்லோருக்கும் பிடித்தது.

கரீபியப் பெண்களின் நாவல்களுக்குள் நான் போனதே இவளைத் தேடித்தான் என்று இப்போது தோன்றுகிறது. ஓ.எம்.ஆரில் கம்பெனி பஸ்ஸில் காலையில் ஒன்றரை மணி நேரம், மாலையில் ஒன்றரை மணி நேரம் கிடைக்கும். அதில்தான் ஜமைக்கா கின்கெய்டின் 'ஆனி ஜான்' (1985) வாசித்தேன். அந்த அம்மா பதினாறு வயதில் தன் அப்பாவோடு சண்டை போட்டு, ஒரு டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு டொமினிக்காவிலிருந்து ஆன்டிகுவாவுக்கு வந்தவள். இப்போது அந்தப் பெட்டியில் மகளின் குழந்தைத் துணிகள் இருக்கின்றன. வெயிலில் காயப்போட ஒவ்வொன்றாக எடுக்கும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை சொல்வாள். எங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு டிரங்குப் பெட்டி உண்டு. இரும்பு, பச்சைப் பெயின்ட், அப்பாயியின் கல்யாணச் சீர். அதை யாரும் எனக்குத் திறந்து காட்டியதில்லை.

கின்கெய்ட் 1978-இல் எழுதிய 'கேர்ள்' என்ற குட்டிக்கதையை வாசிக்கப் பத்து நிமிஷம் போதும். ஒரு அம்மா மகளுக்குச் சொல்லும் உத்தரவுகள் மட்டுமே கதை. துணி எப்படித் துவைப்பது, எப்படி நடப்பது, எப்படி நடந்தால் ஊர் என்ன பேசும். இடையில் மகள் வாய் திறப்பது இரண்டே இடத்தில். தமிழ் வீட்டில் வளர்ந்த பெண்ணுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கின்கெய்டை முடித்த பிறகு வெறி பிடித்த மாதிரி ஒன்று மாற்றி ஒன்றாக வாசித்தேன். ரமாபாய் எஸ்பினெட்டின் 'தி ஸ்விங்கிங் பிரிட்ஜ்' (2003) நாவலில், கனடாவில் வாழும் மோனா டிரினிடாடுக்குத் திரும்பிப் போய்க் குடும்பம் மறைத்து வைத்த ஒரு கொள்ளுப்பாட்டியைக் கண்டெடுக்கிறாள். விதவையாகத் தனியாகக் கப்பலேறி வந்து, பாட்டுப் பாடிய பெண். கையூத்ரா பகதூரின் 'கூலி வுமன்' (2013) நாவல் அல்ல, ஆய்வு. ஆனால் நாவலைவிட வேகமாகப் போகும். அவருடைய கொள்ளுப்பாட்டி சுஜாரியா 1903-இல் கல்கத்தாவிலிருந்து 'கிளைடு' என்ற கப்பலில் பிரிட்டிஷ் கயானாவுக்குப் போனவர். கூட ஆண்துணை இல்லை, வயிற்றில் குழந்தை. கப்பலிலேயே பிரசவம். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்களாவது ஏற வேண்டும் என்று அந்தக் காலத்தில் விதி இருந்தது. அந்த நாற்பதை நிரப்ப ஏஜென்டுகள் படாத பாடு பட்டார்கள். ஏறியவர்களில் பலர் விதவைகள், புருஷனால் விரட்டப்பட்டவர்கள், புருஷனை விட்டு வந்தவர்கள். புத்தகத் தலைப்பில் இருக்கிற 'கூலி', நம்ம கூலிதான் என்று சொல்பவர்கள் உண்டு.

நம்ம ஊர் பக்கத்திலிருந்தும் அங்கே போயிருக்கிறார்கள். திருவாரூரிலிருந்து காரைக்கால் சுமார் 40 கி.மீ. பிரெஞ்சுக் காலனிகளில் 1848-இல் அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டும். 1853-இல் 'ஒரேலி' என்ற கப்பல் புதுச்சேரியிலிருந்து மார்ட்டினிக்குக்கு முதல் கூட்டத்தைக் கொண்டுபோய் இறக்கியது. அடுத்த வருஷக் கடைசியில் குவாதலூப்புக்கு. பிரிட்டிஷ் இந்தியாவிலும் ஆள் எடுத்துக்கொள்ளலாம் என்று 1861-இல் இரண்டு அரசுகளும் ஒப்பந்தம் போட்டன. அதற்குப் பிறகு புதுச்சேரி, காரைக்கால் வழியே தஞ்சாவூர் ஜில்லா ஆட்களும் போனார்கள். 1889 வரையில் குவாதலூப்புக்கு மட்டும் சுமார் 42,000 இந்தியர்கள் போய் இறங்கியிருக்கிறார்கள். அங்கே இன்னமும் மாரியம்மனுக்குக் கிடா வெட்டுகிறார்கள். 'கொலம்போ' என்று ஒரு குழம்பு இருக்கிறது. அந்தப் பெயர் கொழும்பிலிருந்து வந்ததா, குழம்பிலிருந்தே வந்ததா என்று சண்டை வேறு. ஆன்றி சிதம்பரம் என்பவர் அங்கே பிறந்த இந்தியர்களுக்குக் குடியுரிமை கேட்டு 1904-இல் வழக்கில் இறங்கினார். 1923-இல்தான் முடிவுக்கு வந்தது.

அதே குவாதலூப்பில் பிறந்த மரீஸ் கொண்டே 1989-இல் எழுதிய 'கிராசிங் த மாங்குரோவ்' நாவலில் ராம்சரன் என்று ஓர் இந்தியக் குடும்பம் வருகிறது. ஊருக்குள் வந்து சேர்ந்த பிரான்சிஸ் சான்ஷே என்ற ஆள் செத்துக் கிடக்கிறான். ராத்திரி முழுக்க ஊரார் பிணத்தோடு விழித்திருக்கிறார்கள், ஆளுக்கொரு அத்தியாயம். ராம்சரன் வீட்டு மகள் வில்மா அவனால் கர்ப்பமானவள். அவள் அம்மா ரோசா, செத்துப்போன மூத்த பெண்ணையே நினைத்து இவளை நேசிக்க முடியாமல் போனவள். நான் வில்மாவுக்கும் ரோசாவுக்கும் மட்டும் அடிக்கோடு போட்டு வாசித்தேன். சான்ஷே ஏன் பயந்து பயந்து செத்தான் என்பதைத் தாண்டிப் போய்விட்டேன். தன் முன்னோர்கள் செய்த பாவம் தன்னைத் துரத்துகிறது என்று நம்புகிறவன் அவன். அந்த முன்னோர்கள் அடிமைகளை வைத்திருந்த தோட்ட முதலாளிகள்.

2020 லாக்டவுனில் மடிக்கணினியோடு ஊருக்கு வந்தேன். எங்கள் கிராமம் திருவாரூரிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். திண்ணையில் உட்கார்ந்து ஸ்டாண்ட்அப் மீட்டிங் பேசுவேன், அப்பாயி பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆயும். ஒருநாள் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கேட்டேன். "அப்பாயி, பினாங்குக்காரி நமக்கு என்ன முறை வேணும்? கொள்ளுத்தாத்தாவுக்குத் தங்கச்சியா?"

அப்பாயி என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. "தங்கச்சியா? யார்டி சொன்னா? அவ நம்ம வீட்டு ஆளுடி. பண்ணையாளு. நடவுக்கு வர்றவ."

முப்பது வருஷமாக ஒரு சொல்லைத் தப்பாகக் கேட்டிருக்கிறேன். பட்டணத்துத் தமிழில் நம்ம ஆளு என்றால் நம்மவர். டெல்டாவில், அப்பாயியின் தலைமுறையில், ஆளு என்றால் ஆள்தான். இந்த மிராசுக்கு இத்தனை வேலி, இத்தனை ஆள் என்று சேர்த்துத்தான் சொல்வார்கள். வேலி தெரியாதவர்களுக்கு: திருவாரூர்க் கோயில் ஐந்து வேலி, கமலாலயம் குளம் ஐந்து வேலி என்பார்கள். ஒரு வேலி ஆறே முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. என் கொள்ளுத்தாத்தாவுக்கு மூன்று வேலி இருந்தது. பெரிய பண்ணை இல்லை. அவரே மண்வெட்டி பிடிப்பார் என்று வீட்டில் சொல்வார்கள். அப்படிச் சொல்வதில் எங்களுக்கு ஒரு ஆறுதல். ஆனாலும் ஆள் இருந்திருக்கிறது.

அன்று சாயங்காலம் பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கினோம். ஒரு பட்டுப் புடவை மடிப்பு மடிப்பாகக் கிழிந்து கிடந்தது. கூட ஒரு வெண்கல விளக்கு. அடியில் கொள்ளுத்தாத்தாவின் கணக்கு நோட்டு. எல்லாம் பழைய தமிழ் எண்கள். இந்த மாகாணி, வீசம் எல்லாவற்றுக்கும் 2019-இல் யூனிகோடில் இடம் கொடுத்துவிட்டார்கள். சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கிற எனக்குத்தான் வாசிக்கத் தெரியவில்லை. போனில் அட்டவணையை வைத்துக்கொண்டு இரண்டு வாரம் உட்கார்ந்தேன்.

ஆண்களுக்குப் பெயர் இருந்தது. பெண்களுக்கு 'இன்னார் பெண்சாதி' என்று மட்டும். அளந்த நெல் ஆணுக்கு ஒரு கணக்கு, பெண்ணுக்கு அதைவிடக் குறைவு. கல்யாணத்துக்கு, சாவுக்கு, பஞ்சத்துக்கு வாங்கிய நெல் கடனாக ஏறிக்கொண்டே போகிறது. எந்தப் பக்கத்திலும் அது இறங்கவில்லை. ஒரு பெயருக்கு நேரே 'இறந்து போனான்' என்று இருக்கிறது. அடுத்த வருஷம் அதே இடத்தில் 'மேற்படியான் பெண்சாதி ஓட்டம்'. அதற்குக் கீழே கடன் பாக்கி அப்படியே இருக்கிறது. மகன் பெயருக்கு மாற்றியிருக்கிறார்கள். மகனுக்கு அப்போது பத்து வயது இருக்கலாம்.

பிரிட்டிஷ் கரீபியத் தீவுகளில் அடிமை ஒழிப்பு 1834-இல் அமலுக்கு வந்தபோது முதலாளிகளுக்கு 2 கோடி பவுண்டு நஷ்டஈடு என்று முடிவானது. அடிமைகளுக்கு ஒன்றுமில்லை. இந்தியாவில் 1843-இல் ஒரு சட்டம் வந்தது. அடிமை என்ற உரிமையை இனி கோர்ட்டு ஏற்காது, அவ்வளவுதான். தஞ்சாவூரில் அடிமை என்ற சொல் போய், கடன் வந்து அதே இடத்தில் உட்கார்ந்தது. பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வர 1952 ஆனது. அதற்குள் சாணிப்பாலும் சவுக்கடியும் எத்தனை ஊரில், எத்தனை பேருக்கு. பி. சீனிவாசராவ் போன்றவர்கள் வந்து சங்கம் வைக்காமல் இருந்திருந்தால் அந்தச் சட்டமும் வந்திருக்காது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்து செத்தது எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில். அப்பா அப்போது பள்ளிக்கூடப் பையன். எங்கள் வீட்டில் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

கரும்புத் தோட்டத்து அடிமையும் காவிரிப் பண்ணையாளும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. சட்டம் வேறு, கடல் வேறு, சாதி என்பது அங்கே இல்லாத இன்னொரு பூட்டு. ஆனால் நாகப்பட்டினத்தில் கப்பல் நின்றால் மிராசுதார்களுக்கு ஏன் வயிற்றைக் கலக்கியது என்று அந்த நோட்டைப் பார்த்தபோது புரிந்தது. கங்காணி தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்குகிறவன்தான், பினாங்குத் தோட்டமும் சொர்க்கம் இல்லைதான். இருந்தாலும் அது இந்த நோட்டுக்கு எட்டாத தூரம்.

அந்த வாரம் ஜீன் ரீஸின் 'வைட் சர்காசோ சீ'யை (1966) மறுபடி எடுத்தேன். 'ஜேன் அயர்' நாவலில் மாடியில் பூட்டி வைக்கப்பட்ட பைத்தியக்கார மனைவிக்கு ஒரு பிறந்த ஊரும் பெயரும் கொடுத்த நாவல் என்று எல்லோருக்கும் தெரியும். அன்த்வானெத் என்று இருந்தவளைப் புருஷன் பெர்தா என்று மாற்றிக் கூப்பிடுவான். முதல் வாசிப்பில் நான் முழுக்க அன்த்வானெத் பக்கம். அவர்கள் வீடு எரியும் ராத்திரியில் அவள் தன் விளையாட்டுத் தோழி டியாவை நோக்கி ஓடுகிறாள். இனி இவளோடுதான் இருப்பேன், இவள் மாதிரி இருப்பேன் என்று நினைத்துக்கொண்டே ஓடுகிறாள். கறுப்பினச் சிறுமி டியா ஒரு கல்லை எடுத்து அவள் முகத்தில் எறிகிறாள். எறிந்துவிட்டு அழுகிறாள். அப்போது எனக்கு டியா மேல் அப்படி ஒரு கோபம் வந்தது.

ரீஸ் 1890-இல் டொமினிக்காவில் பிறந்தவர். அவருடைய அம்மாவின் தாத்தா லாக்ஹார்ட் அங்கே ஜெனிவா என்ற தோட்டத்தின் முதலாளி, அடிமைகளின் முதலாளி. அந்தக் கல் எந்தப் பக்கத்திலிருந்து வர வேண்டும் என்று ரீஸுக்குத் தெரிந்திருக்கிறது. நான்தான் பத்து வருஷமாகக் குவாதலூப், டிரினிடாட், கயானா என்று சுற்றி, பாதிக்கப்பட்டவளை என் வம்சத்தில் சேர்த்து, நோட்டு எழுதியவரை விட்டுவிட்டேன். அவர்தான் என் ரத்தம்.

லாக்டவுன் தளர்ந்த பிறகு அந்தத் தெருவுக்குப் போனேன். ஊருக்குத் தெற்கே, வாய்க்கால் தாண்டி. அவ்வளவு பக்கம். அதற்கு முன் நான் அங்கே போனதே இல்லை. பினாங்குக்காரி பற்றி அப்பாயி சொன்ன அடையாளத்தை வைத்து விசாரித்தேன். எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர் வெளியே வந்தார். என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார். நீங்களும் உட்காருங்க என்றேன். "இருக்கட்டும்" என்று நின்றார். மூன்று தடவை சொன்ன பிறகு திண்ணை ஓரத்தில் உட்கார்ந்தார்.

"எங்க அப்பாயி" என்றுதான் ஆரம்பித்தார்.

அவளுக்குப் பெயர் இருந்தது. சொன்னார். அவர்கள் வீட்டுப் பெயர் அது, இங்கே எழுதப் போவதில்லை. மூத்த மகனை மாமியாரிடம் விட்டுவிட்டு, இடுப்புப் பிள்ளையோடு ராத்திரியில் நடந்தே நாகப்பட்டினம் போயிருக்கிறாள். முதலில் இரண்டு வருஷம் தகவல் இல்லை. பிறகு தோட்டத்துக் கிராணி எழுதிக்கொடுத்த கடிதம் வந்தது, பிறகு பணம். அந்தப் பணத்தில்தான் இந்த மனை என்று காலால் தரையைத் தட்டிக் காட்டினார். அவருடைய தங்கைக்கு அவள் பெயர். பேத்தி ஒருத்திக்கும் அதே பெயர்தான், மன்னார்குடியில் நர்ஸிங் படிக்கிறாள். ஜப்பான்காரன் பினாங்கில் குண்டு போட்ட 1941-க்குப் பிறகு கடிதம் இல்லை. அதுவரை வந்த கடிதங்களைக் கறையான் தின்றுவிட்டது.

காணாமல் போனவள் என்று நான் தேடியவளை இந்தத் தெருவில் யாரும் தொலைக்கவில்லை.

அந்த வீட்டுப் பெண் கண்ணாடி டம்ளரில் டீ கொண்டுவந்தாள். குடித்தேன். கிளம்பும்போது, கணக்கு நோட்டு ஒன்று கிடைத்தது, அதைப் பார்த்துத்தான் வந்தேன் என்றேன். அதுவரை அதைச் சொல்லத் தைரியம் வரவில்லை. பெரியவர் கொஞ்ச நேரம் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுல எங்க தாத்தா பேர்ல பாக்கி எவ்வளவும்மா இருக்கு?"

"பதினேழு கலம்."

"பதினேழு கலம்" என்றார். பிறகு உள்ளே திரும்பி, மருமகளுக்குக் கேட்கும்படியாக, இன்னொரு தடவை சொன்னார்.