தேய்ந்த புல் சொல்லும் ஆட்டம்

விம்பிள்டனின் முதல் நாள் படத்தையும் கடைசி நாள் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் நாள் பச்சைப் பாய். கடைசி நாள் அடிக்கோட்டை ஒட்டி வெறும் மண். நடுவில், சர்வீஸ் விழும் கட்டங்களில், புல் ஓரளவு அப்படியே இருக்கும். புல்லைத் தேய்ப்பது பந்து இல்லை, கால். புல்தள டென்னிஸின் வரலாற்றை இந்தத் தேய்மானத்தை வைத்தே படிக்கலாம் என்பது என் கட்சி.

புதுப் புல்லில் ஈரம் இருக்கும். பந்து வழுக்கித் தாழ்வாகப் போகும். நாளாக நாளாக மண் இறுகி, பந்து மேலே எழும். பாதி புல், பாதி மண்ணாகக் கிடக்கும் இடத்தில் விழுந்தால் எப்படி வரும்னு யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் அந்தக் காலத்தில் சர்வீஸ் போட்ட கையோடு வலைக்கு ஓடினார்கள். பந்தைத் தரையில் விழவே விடாவிட்டால் தரையை நம்ப வேண்டியதில்லையே! ஓடிய தடம் வலை வரைக்கும் பழுப்பாகப் பதிந்தது.

2001-இல் விம்பிள்டன் 70% ரை, 30% ஃபெஸ்க்யூ கலவையை விட்டு முழுக்க ரை புல்லுக்கு மாறியது. தேய்மானத்தைத் தாங்கும் என்பது முக்கியக் காரணம். பந்து சீராக எழுந்தது. 2002 இறுதியில் ஹெவிட்டும் நல்பாண்டியனும் அடிக்கோட்டில் நின்றே ஆடினார்கள். ராக்கெட்டும் நரம்பும் மாறியதற்கும் இதில் பங்குண்டு. இப்போது வலைக்குப் போகும் பாதை பச்சையாகவே கிடக்கிறது.

எங்க ஊர் விஸ்வநத்தம். மழை குறைவு என்பதாலேயே பட்டாசு வேரூன்றிய பூமி. டென்னிஸுக்குப் புல் வளர்ப்பதெல்லாம் இங்கே நடக்கிற காரியமில்லை. ஆனால் அருகம்புல் தெரியும். மிதித்தாலும் காய்ந்தாலும் ஒரு மழைக்குத் துளிர்த்து, கணுவுக்குக் கணு வேர்விட்டுப் படரும். இந்தியப் புல்தளங்களில் வழக்கமாக வளர்ப்பதும் இதைத்தான். ரை புல்லோ கொத்துக் கொத்தாக நிற்கும், படராது. தேய்ந்த இடத்தில் விதைதான் தூவணும்.

பழைய புல் வேகமான சர்வீஸ்காரர்களுக்கே சொந்தம் என்பார்கள். ராமநாதன் கிருஷ்ணனின் சர்வீஸ் மென்மையானது. அவர் 1960, 1961 இரண்டு வருடமும் விம்பிள்டன் அரையிறுதிக்குப் போனார். ஃப்ரேசரிடமும் லேவரிடமும் தோற்றார். 1966-இல் கல்கத்தா சவுத் கிளப் புல்தளத்தில் பிரேசிலுக்கு எதிரான டேவிஸ் கோப்பைப் போட்டி 2-2. கடைசி ஆட்டத்தில் தாமஸ் கோக்கிடம் இரண்டு செட்டை இழந்து, நான்காவதில் 2-5 என்று பின்தங்கியிருந்தவர் மீண்டு ஜெயித்தார். இந்தியா முதன்முறையாக இறுதிக்குப் போனது. இப்படியொரு தளத்தில் கை வலுவைவிட, பந்து எப்படி வரும் என்று கடைசி நொடி வரை காத்திருக்கும் பொறுமைக்கே மதிப்பு அதிகம் என்று நினைக்கிறேன்.

அந்தப் பொறுமைக்கான இடம் சுருங்கியது. அமெரிக்க ஓபன் 1974-ஓடும், ஆஸ்திரேலிய ஓபன் 1987-ஓடும் புல்லை விட்டன. அதே 1987-இல் இந்தியா சிட்னி புல்தளத்தில் ஆஸ்திரேலியாவை 3-2 என்று வீழ்த்தியது. கிருஷ்ணனின் மகன் ரமேஷ்தான் கடைசி ஆட்டத்தை முடித்தார். டிசம்பரில் ஸ்வீடனின் கோத்தன்பர்க் இறுதி, கூரைக்குள் போட்ட களிமண் தளம், 0-5. சில வாரங்களில் ரமேஷ் ஆட்டத்தை மறந்துவிடவில்லை. காலுக்குக் கீழே இருந்தது மாறிப்போனது, அவ்வளவுதான்.