நேர்த்தியும் வினைப்பொறுப்பும்: டொலார்ட்-டெஸ்-ஓர்மோ திருமுருகன் கோயிலை முன்வைத்து

நேர்த்தி என்பது, தீர வேண்டிய துன்பத்தைத் தெய்வத்திடம் ஒப்புவித்து, அது தீர்ந்தால் இன்னது செய்வேன் என்று ஒருவர் தமக்குத் தாமே விதித்துக்கொள்ளும் கடமை. தமிழ்நாட்டில் வேண்டுதல், நேர்த்திக்கடன் என்றும் யாழ்ப்பாணத்தில் நேர்த்தி வைத்தல் என்றும் வழங்கும் இந்த வழக்கம் போரோடும் இடப்பெயர்வோடும் கனடாவுக்கு வந்தது. அது கியூபெக்கில் ஊன்றிய இடங்களில் முதன்மையானது, டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் சென் ரெஜிஸ் சாலையில் உள்ள திருமுருகன் கோயில்.

டொலார்ட்-டெஸ்-ஓர்மோ மொன்றியல் தீவின் மேற்குப் புறநகர். 1660இல் லோங் சூ சண்டையில் மாண்ட பிரெஞ்சுப் படைத்தலைவன் ஒருவனின் பெயரைத் தாங்கிய கத்தோலிக்கப் பங்கு ஊராக 1924இல் தொடங்கி, 1960இல் நகரமானது. இன்று ஏறத்தாழ 48,000 பேர் வாழ்கிறார்கள். கெஸ்மார்க் தெருவில் வட இந்திய மரபு சார்ந்த இந்து மந்திர் ஒன்றும் இங்கே உண்டு. திருமுருகன் கோயிலை நடத்துவது கியூபெக் சைவ மிஷன். வழிபடுவோரில் பெரும்பாலோர் ஈழத்தமிழர்.

தாயகத்தில் தைப்பூசத்துக்கு எடுக்கும் காவடியை இங்கே அந்த நாளில் வெளிவீதியில் எடுக்க முடியாது. அப்போது மொன்றியல் தெருக்கள் பனியில் உறைந்து கிடக்கும். ஆகவே தேரும் காவடியும் கோடையில் நடக்கின்றன. முதுகில் செடில் குத்தி ஆடுவோர், பால்குடம் எடுப்போர், கற்பூரச் சட்டி ஏந்துவோர், வீதியில் உருண்டு பிரதட்டை செய்யும் ஆண்கள், அடிதோறும் விழுந்து வணங்கி அடியழிக்கும் பெண்கள் என ஒவ்வொருவருக்குப் பின்னும் ஒரு கதை இருக்கும். பிள்ளையின் நோய், அகதி வழக்கு, கொழும்பில் காத்திருந்த மனைவியின் விசா, கலையாமல் தங்கிய கரு.

தேரன்று வீதியில் காணும் வேதனையையே பார்வையாளர்கள் பெரிதாகப் பேசுவார்கள். நேர்த்தியின் உண்மையான பாரம் அதற்கு முந்திய நாட்களில் இருக்கிறது. காவடி எடுப்பவர் மச்சம் மாமிசம் விலக்கி, மதுவைத் தொடாமல், உடலும் வாயும் அடக்கி விரதம் இருக்க வேண்டும். உணவக அடுப்படியிலோ தொழிற்சாலை இரவு வேலையிலோ நிற்பவருக்கு இது எளிதன்று. கந்தசஷ்டியின் ஆறு நாள் உபவாசமும் கேதார கௌரி விரதத்தின் இருபத்தொரு நாளும் இப்படித்தான். தெய்வத்திடம் கேட்டவர் கைகட்டிக் காத்திருப்பதில்லை. தம் உடலையும் நாவையும் ஆளும் வேலையைத் தாமே ஏற்கிறார். நம்பிக்கை மனிதரைச் சோம்பேறியாக்கும் என்போர் இந்த நாட்களைக் கவனித்ததில்லை.

இந்த வழக்கம் புலம்பெயர்ந்தோரிடம் ஏன் இவ்வளவு வலுப்பெற்றது என்பதற்கு அவர்கள் வந்த வழியே விடை. 1983 ஆடிக் கலவரத்துக்குப் பின் ஈழத்தமிழர் கனடாவுக்குப் பெருமளவில் வரத் தொடங்கினர். 1986 ஆகஸ்ட் 11 அன்று நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை மீனவர்கள் மீட்டார்கள். அவர்களில் பலர் பிறகு மொன்றியலிலும் ரொறன்ரோவிலும் வாழ்வைத் தொடங்கினர். அகதி விண்ணப்பம் போட்டவருக்கு விசாரணை நாளும் தீர்ப்பும் பிறர் கையில். பிரெஞ்சு படிப்பதும் வேலைக்குப் போவதும் ஊருக்குப் பணம் அனுப்புவதும் மட்டுமே தம் கையில். இரண்டுக்கும் இடையிலான வெற்றிடத்தில் நேர்த்தி வந்து உட்கார்ந்தது. ஒன்றும் செய்ய இயலாத இடத்திலும் செய்வதற்கு ஒன்றைக் கொடுத்தது.

நேர்த்தி வைப்போர் நம்பும் வினைக்கொள்கையை விதிக்குப் பணிந்து கிடப்பதாகப் படிப்பது பழைய பிழை. சைவ சித்தாந்தம் உயிரைப் பிணிக்கும் மலங்களை ஆணவம், கன்மம், மாயை என மூன்றாகக் காண்கிறது. மெய்கண்டாரின் 13ஆம் நூற்றாண்டுச் சிவஞானபோதத்தை முதல்நூலாகக் கொண்டு வளர்ந்த இந்த மரபு, கன்மத்தைச் சேர்ந்து கிடப்பது, இப்போது அனுபவிப்பது, இனிச் சேர்வது என்று மேலும் பிரிக்கிறது. சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்பன அவற்றின் பெயர்கள். அனுபவிப்பதை மாற்ற முடியாமல் போகலாம். ஆகாமியம் இன்றைய செயலால் சேர்வது. அதற்குச் செய்பவரே பொறுப்பு. திருக்குறளும் ஊழுக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கிவிட்டு, ஆள்வினையுடைமை என்று முயற்சிக்கும் ஓர் அதிகாரம் வைத்திருக்கிறது. அதில் ஊழையே புறங்காணச் செய்யும் உழைப்பைப் பேசுகிறது.

யாழ்ப்பாணத்தில் இந்த இரு முனைகளையும் சேர்த்துப் பிடித்தவர் யோகர் சுவாமிகள் (1872–1964). எல்லாம் முன்பே முடிந்துவிட்டது என்ற பொருள்படப் பேசியவரே, அன்றாட வேலையைச் சிவதொண்டாகச் செய்யும்படி வற்புறுத்தினார். 1935இல் தொடங்கிய ‘சிவதொண்டன்’ இதழ் அந்தப் பெயரையே தாங்கியது. அவர் படத்தைப் பூசையறையில் வைத்திருக்கும் குடும்பங்கள் கனடாவில் பல.

பணிந்து கிடப்பதற்கும் தாமும் முயல்வதற்கும் உள்ள வேறுபாட்டை உளவியலாளரும் தம் வழியில் கண்டார்கள். அமெரிக்கரான கென்னத் பார்கமென்ற்றும் அவருடன் ஆய்ந்தோரும் 1988இல் வெளியிட்ட ஆய்வு, சிக்கல் வரும்போது சமய நம்பிக்கையுள்ளோர் நடக்கும் விதத்தை மூன்றாகப் பிரித்தது. சிலர் கடவுள் தந்த அறிவைக்கொண்டு தாமே தீர்க்கிறார்கள். சிலர் முழுவதையும் கடவுளிடம் விட்டுவிடுகிறார்கள். சிலர் கடவுளோடு கூட்டாகச் செயல்படுவதாக உணர்கிறார்கள். விட்டுவிடுவோரிடம் தன்னம்பிக்கையும் சமாளிக்கும் திறனும் குறைவாகவும் கூட்டாகச் செயல்படுவோரிடம் அவை கூடுதலாகவும் தென்பட்டன. ஆய்வுக்கு உட்பட்டவர் அமெரிக்கக் கிறிஸ்தவர்கள். ஆனாலும் விரதம் இருந்து, வேலைக்கும் போய், வழக்கறிஞரையும் பார்த்து, காவடியும் எடுப்பவர் எந்த வகை என்பதில் ஐயமில்லை.

ஈழப்போர் இந்த நம்பிக்கையைக் கடுமையாகச் சோதித்தது. யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், 1998இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில் போர் தமிழர் மனங்களில் விட்ட வடுக்களைப் பதிவுசெய்தார். செபமும் உருத்திராட்சம் உருட்டுதலும் போன்ற பழக்கங்கள் பதற்றம் தணிக்க உதவுவதைக் கண்டு, அவற்றைச் சிகிச்சையில் சேர்த்துக்கொண்டார். மட்டக்களப்பில் காணாமற்போன பிள்ளைகளைத் தேடிய தாய்மார், அம்மன் கோயில்களில் வாக்குச் சொல்வோரிடம் போனதை மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ் ஆராய்ந்தார். வெளியே வாய்திறந்து சொல்ல முடியாத துயரைச் சொல்வதற்கு அந்த மண்டபங்கள் இடம் கொடுத்தன.

இதே நம்பிக்கை கெடுக்கும் இடமும் உண்டு; மறைப்பதில் பயனில்லை. அடிக்கும் கணவனோடு வாழும் பெண்ணிடம் “உன்ர வினைப்பயன், பொறுத்துப் போ” என்று சொல்லும்போது, அடிப்பவனின் ஆகாமியம் அங்கே மறக்கப்படுகிறது. குறையோடு பிறந்த குழந்தையின் தாயிடம் முற்பிறப்பைப் பேசுவதும் அதே கொடுமை. வினைக்கொள்கை ஒருவர் தம்மை நோக்கிக் கேட்பதற்கானது. பிறரைத் தீர்ப்பிட எடுத்தால் அது பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் கருவியாகிறது. ஏழரைச் சனி என்று எள்ளெண்ணெய் எரிப்பதில் தவறில்லை. ஆனால் மாதக்கணக்கில் தூங்காமல், சாப்பிடாமல், அழுதபடி இருக்கும் பிள்ளைக்குச் சனிப்பெயர்ச்சி முடியட்டும் என்று காத்திருப்பது ஆபத்து.

கோயில் வீதியில் பால்குடம் சுமக்கும் அம்மாமாரும், பிரெஞ்சுப் பள்ளியில் படித்து வளர்ந்த அவர்களின் பிள்ளைகளும் இதை நினைவில் வைத்துக்கொள்ளட்டும். நேர்த்தி வைத்த கையாலேயே தொலைபேசியையும் எடுங்கள். கியூபெக்கில் 811ஐ அழைத்து இரண்டாம் தெரிவை அழுத்தினால் சமூகசேவைப் பணியாளர் பேசுவார். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தவர்களுக்கும் அவர்களுக்காகக் கலங்குவோருக்கும் 2023 நவம்பர் 30 முதல் கனடா முழுவதும் 988 என்ற இலக்கம் இரவும் பகலும் இயங்குகிறது.