தோட்டாவின் கழுத்து



1857 பாடம் நடத்தும்போது, கொழுப்பு தடவிய தோட்டாவோடு தோட்டாவின் கதையும் முடிந்துவிடும். அது காகிதத் தோட்டா. பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழாயின் வாயில் கொட்டி, குண்டை இடித்து இறக்க வேண்டும். மருந்தைப் பொட்டலம் கட்டித் தருவதைத் தவிர அந்தக் காகிதத்துக்குப் பெரிய வேலை இல்லை. பிறகு வந்த பித்தளைக் கூட்டுக்குத்தான் வேலை அதிகம்.

தேர்தல் பணிக்குப் போன ஆசிரியர்கள் வாக்குச்சாவடி வாசலில் ‘த்ரீ நாட் த்ரீ’ ரைபிளைப் பார்த்திருப்போம். சிதம்பரம் பக்கம் ஒரு சாவடியில் காவலுக்கு வந்த ஏட்டய்யா அதைத் தோளில் மாட்டிக்கொண்டே இட்லி சாப்பிட்டார்! 1888இல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றுக்கொண்ட தோட்டா அது. முதலில் உள்ளே இருந்தது கரிமருந்து. குண்டின் வேகம் நொடிக்குச் சுமார் 560 மீட்டர். சில ஆண்டுகளில் கார்டைட் என்ற புகையில்லா மருந்து வந்தது. சேமியா போல நீளக் குச்சிகள். கழுத்து குறுகிய பிறகு அந்தக் கத்தை உள்ளே போகாது என்பதால், முதலில் குச்சிகளைச் செருகிவிட்டுப் பிறகு கழுத்தை இறுக்குவார்கள். ஊட்டி மலை ரயிலில் குன்னூர், வெலிங்டன் தாண்டியதும் அருவங்காடு ஸ்டேஷன் வருமே, அங்கே 1903இல் நிறுவப்பட்டதுதான் கார்டைட் தொழிற்சாலை. 1910இல் கூர்முனைக் குண்டு வந்ததும் வேகம் 744 மீட்டர் ஆனது.

வெடிக்கும் கணத்தில் கூடு உப்பி அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். வாயு பின்பக்கம் வந்து சுடுபவர் முகத்தில் அடிக்காமல் காப்பது அதுதான். அழுத்தம் போனதும் பித்தளை சற்றே சுருங்கும். த்ரீ நாட் த்ரீ கூடு அடியில் அகன்று மேலே குறுகுவதால், லேசாக இழுத்தாலே கழன்றுவிடும். சேற்றிலும் தூசியிலும் அந்த ரைபிள் உழைத்ததற்கு இது ஒரு காரணம். அது தாங்க வேண்டிய அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 3,700 கிலோ. பின்னால் வந்த 7.62 தோட்டாவின் கூடு 5 மில்லிமீட்டர் குட்டை. ஆனால் அழுத்தம் 4,200 கிலோவை எட்டும். 1962 சீனப் போருக்குப் பின் இஷாப்பூர் தொழிற்சாலை பழைய ரைபிளை இந்தத் தோட்டாவுக்கு மாற்றியபோது, எஃகையே உறுதியாக்க வேண்டியிருந்தது.

இனி நான் சொல்ல வந்த விஷயம். ஆங்கிலேயர் நம் போலீசுக்கும் சிறைக் காவலருக்கும் கொடுத்த துப்பாக்கிகளில் .410 மஸ்கட் ஒன்று. வெளியே பார்த்தால் ராணுவ ரைபிளேதான். உள்ளே குழாயைக் குடைந்து வழவழப்பாக்கி, தோட்டா அடுக்கும் இடத்தை மரக்கட்டையால் அடைத்துவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் ஒரே தோட்டா. அந்தத் தோட்டாவும் அதே பித்தளைக் கூடுதான். கழுத்தை மட்டும் குறுக்காமல் நேராக விட்டுவிட்டார்கள். ராணுவத் தோட்டா அதில் சரியாக வேலை செய்யாது; தூரமும் எட்டாது. யாராவது பறித்துக்கொண்டு போனாலும் பட்டாளத்தை எதிர்க்க முடியாது. 1857இன் பயம் பித்தளையில் வடிவம் எடுத்ததாகத்தான் எனக்குத் தோன்றுகிறது.

பொதுமக்களுக்கு 1878 ஆயுதச் சட்டம் இருந்தது. உரிமம் பெற்றவரும் ராணுவத் தோட்டாவைத் தொடக்கூடாது என்று பிறகு தடுத்தார்கள். அதனால் ஆஸ்திரியத் தோட்டா ஒன்றின் கூட்டை வைத்து .315 ரைபிள் புழக்கத்துக்கு வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகும் இஷாப்பூரில் அதையே செய்தார்கள். உரிமம் வாங்கி வீட்டில் ரைபிள் வைத்திருப்பவர் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் அது .315ஆகத்தான் இருக்கும்.