மேசைமேல் சேலம்

மெய்யான ரயில் பாதை ஒன்றை அதன் நிலையங்கள், கைகாட்டிகள், பாலங்கள், அருகிலுள்ள குன்றுகள் ஆகியவற்றோடு ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் சுருக்கி, வீட்டுக்குள் பலகைமேல் அமைத்து, அதில் வண்டியை ஓடவிடும் கலை மேலைநாடுகளில் நூறாண்டுக்கும் மேலாக வளர்ந்து வந்திருக்கிறது. சிற்றுருத் தடம் என்று இக்கட்டுரை குறிக்கும் இவ்வமைப்புக்கும் பொம்மை ரயிலுக்கும் உள்ள வேறுபாடு அளவுவிகிதம்தான். பொம்மை ஓடினால் போதும். சிற்றுருத் தடத்திலோ எஞ்சின், பெட்டி, நடைமேடை, அதில் நிற்கும் போர்ட்டர் வரை எல்லாமே ஒரே கணக்கில் சிறுத்திருக்க வேண்டும். சேலம், நாமக்கல் சமவெளியில் இக்கலைக்கு வேர் தேடுபவர் பொம்மைக் கடைகளைவிட வேறு இரண்டு இடங்களைப் பார்ப்பது பயன்தரும். ஒன்று நவராத்திரிக் கொலுவின் அடியில் விரியும் ‘பார்க்’. மற்றொன்று, கடந்த நூற்றறுபது ஆண்டுகளாகப் போடப்பட்டும் பெயர்க்கப்பட்டும் அகலம் மாற்றப்பட்டும் வந்திருக்கிற, இச்சமவெளியின் மெய்யான தண்டவாளங்கள்.

ஐரோப்பாவில் இக்கலைக்கு ஒழுங்கு தந்தது ஜெர்மனியின் கோப்பிங்கன் நகரத்து மார்க்லின் நிறுவனம். 1891இல் லைப்சிக் சந்தையில் அந்நிறுவனம், இரு தண்டவாளங்களுக்கு இடையிலான தூரத்தை எண்ணிட்ட சில அளவுகளாக வகுத்து, அவ்வளவுகளுக்கேற்ற வண்டிகளையும் தனித்தனித் தடத்துண்டுகளையும் காட்சிக்கு வைத்தது. ஒரு முறை வாங்கிய வட்டத்தையே வண்டி ஆயுள் முழுவதும் சுற்றிக்கொண்டிருக்க வேண்டிய நிலை மாறி, ஆண்டுக்கு இரண்டு துண்டு வாங்கிச் சேர்த்துப் பாதையை நீட்டிக்கொண்டே போகும் பழக்கம் உருவானது அதன் பின்னரே. கட்டுவதும் திருத்துவதும் ஒரே செயலாகிவிட்ட இக்கலையின் இயல்பு அங்கே தொடங்குகிறது. 1920இல் லிவர்பூலின் மெக்கானோ நிறுவனம் ஹார்ன்பி என்ற பெயரில் சாவி கொடுத்தால் ஓடும் ரயில்களைக் கொண்டுவந்தது. வீடுகளின் அளவு சிறுக்கச் சிறுக்க வண்டிகளும் சிறுத்தன: 32 மி.மீ. இடைவெளி கொண்ட ‘ஓ’ அளவின் பாதி என்ற பொருளில் எச்.ஓ. என்று பெயர்பெற்ற 1:87 விகிதமும், 16.5 மி.மீ. தடமும் இன்று உலகெங்கும் பரவலாக வழங்குகின்றன. இந்தியாவில் விடுதலைக்குப் பிந்திய இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இத்தகைய பொருள்களைச் சாதாரணக் குடும்பங்களுக்கு எட்டாதவையாக்கின. எனவே தமிழ் வீடுகளில் வலம் வந்தது பெரும்பாலும் சாவி முடுக்கும் தகர ரயில்தான்; மின்வெட்டு அதைத் தொடவில்லை என்பதையும் அதன் கணக்கில் வரவு வைக்கவேண்டும்.

அந்தத் தகர ரயிலுக்கு ஊரும் வயலும் வாய்த்தது கொலுவில். படிகளில் அமரும் தெய்வ உருவங்களுக்கு வரிசையும் மரபும் உண்டு. படிக்குக் கீழே தரையில் அமைக்கப்படும் பார்க்குக்கு அவ்வகைக் கட்டுப்பாடு எதுவும் இல்லாததால், அது வீட்டுப் பிள்ளைகளின் கைக்கு விடப்பட்டது. மணல் பரப்பி, நவராத்திரிக்குச் சில நாள் முன்பே கேழ்வரகோ கடுகோ தூவி, முளைத்த பசுமையை வயலாக்கி, முகம் பார்க்கும் கண்ணாடியைக் குளமாகப் பதித்து, அட்டையில் செய்த மலையைக் குடைந்து ரயிலை உள்ளே விடுவது பல வீடுகளில் வழக்கமாக இருந்தது. செட்டியார் பொம்மையின் உயரத்தில் பாதிகூட இல்லாத எஞ்சினும், எஞ்சினைவிடப் பெரிய பசுவும் அங்கே அருகருகே நின்றன. விகிதம் பற்றி யாரும் கவலைப்படவில்லை. ஆயினும் கொலு பார்க்கில் ஒரு பண்பு முழுமையாக இருந்தது. விஜயதசமி முடிந்ததும் அனைத்தும் பழந்துணியிலும் செய்தித்தாளிலும் சுற்றப்பட்டுப் பரணுக்குப் போய், மறு ஆண்டு இறங்கும்போது முன்னிலும் வேறான தடமாக விரிந்தது. சென்ற ஆண்டு குளம் இருந்த இடத்தில் இவ்வாண்டு நிலையம் வருவதற்கு எவருடைய ஒப்புதலும் தேவைப்படவில்லை.

மெய்யான பாதைக்கு ஒப்புதலும் பணமும் தேவைப்பட்டன. ஆனால் இடம்மாறும் இயல்பில் அது கொலு பார்க்குக்கு இளைத்ததன்று. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயிலை ஓட்டிய மெட்ராஸ் ரயில்வே கம்பெனி, அப்பாதையை மேற்குக் கடற்கரையின் பேப்பூர்த் துறையோடு இணைக்கும் நோக்கில் ஜோலார்பேட்டை வழியே தென்மேற்கே நீட்டியது. மொரப்பூர், பொம்மிடி, லோகூர், டேனிஷ்பேட்டை என்று சேர்வராயன் மலையின் ஓரமாக இறங்கிய பாதை 1861இல் சேலத்தை எட்டியது. சங்ககிரி, ஈரோடு, போத்தனூர் வழியாக மறு ஆண்டில் கடற்கரைக்குக் கடற்கரை இணைப்பு நிறைவுற்றது. 1,676 மி.மீ. இடைவெளி கொண்ட இவ்வகலப்பாதை சேலம் நகருக்குள் நுழையவில்லை. நகருக்கு மேற்கே சூரமங்கலத்தில் நிலையத்தை வைத்துவிட்டுக் கடந்துபோனது. நகரத்துக்குள் டவுன், மார்க்கெட் ஆகிய நிலையங்களைத் தந்த கிளை பின்னாளில் வந்தது. அதன் தொடர்ச்சியாகவே ஆத்தூர், சின்னசேலம் வழியே விருத்தாசலம் செல்லும் மீட்டர்கேஜ் பாதை அமைந்தது. மீட்டர்கேஜ் என்பது பெயருக்கேற்ப 1,000 மி.மீ. இடைவெளி கொண்டது, செலவு குறைவு, சுமையும் குறைவு.

ஒரே இடத்தில் இரண்டு அகலங்கள் சந்திப்பதன் தொல்லை இன்றைய பயணிக்குத் தெரியாது. அகலப்பாதை வேகனில் வந்த மூட்டை மீட்டர்கேஜ் வேகனுக்குக் கைமாற வேண்டும். ஒவ்வொரு கைமாற்றத்திலும் கூலியும் நேரமும் சேதாரமும் கூடும். காவிரியின் தென்கரையில் திருச்சியிலிருந்து கரூர் வழியே ஈரோடு வந்த பாதையின் கதை இதற்கு நல்ல சான்று. 1860களில் கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா கம்பெனி அதை அகலப்பாதையாகவே போட்டது. 1870களின் பிற்பகுதியில் அது மீட்டர்கேஜாகச் சுருக்கப்பட்டது. பின்னர் மீண்டும் அகலமாக்கப்பட்டது. ஒரே வழித்தடத்தை மூன்று முறை போட்ட செலவைக் கணக்கிட்டால், முதலில் போட்டதை அப்படியே விட்டிருக்கலாம் என்று இன்று சொல்வது எளிது. அன்றைய நிர்வாகிகள் முன் இருந்ததோ வருமானம் தராத பாதையும், எங்கும் ஒரே அகலம் வேண்டும் என்ற நெருக்கடியும்.

இவ்விரண்டிலும் ஒடுக்கமான மூன்றாவது தடம் ஒன்றும் பழைய சேலம் மாவட்டத்தில் இருந்தது. 1876–78 பெரும்பஞ்சத்தில் தானியம் ஓரிடத்தில் இருந்தும் பசித்தவரிடம் சேர வழியில்லாமல் போனதை அடுத்து, 1880இன் பஞ்சக் கமிஷன், வருமானம் பாராமல் வறண்ட வட்டங்களுக்குப் பாதை அமைக்கப் பரிந்துரைத்தது. பஞ்சக் காப்புப் பாதை எனப்பட்ட அவ்வகையைச் சேர்ந்தவையே திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி பாதையும், 1906இல் தொடங்கிய மொரப்பூர்–தர்மபுரி பாதையும். இரண்டும் நேரோகேஜ், அதாவது 762 மி.மீ. இடைவெளி கொண்டவை. தர்மபுரிப் பாதை பின்னர் ஓசூர் வரை நீண்டது. பஸ்ஸும் லாரியும் பெருகியபின் இவை நலிந்தன. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மொரப்பூர்–ஓசூர்ப் பாதை மூடப்பட்டுத் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. பின் தர்மபுரிக்கும் ஓசூருக்கும் ரயில் திரும்பியது 1960களில், சேலத்தை ஓமலூர் வழியே பெங்களூரோடு இணைத்த மீட்டர்கேஜ் பாதையாக. அதுவும் 1990களில் அகலப்பாதையாயிற்று. விருத்தாசலம் பாதை 2000களில் அகலப்பட்டது. இப்படியாக, நாற்பது வயதைக் கடந்த சேலத்துக்காரர் பலர் ஏறி இறங்கிய மீட்டர்கேஜ் வண்டி இம்மாவட்டத்தில் எந்தத் தடத்திலும் இல்லை.

நாமக்கல்லின் நிலை இதற்கு நேர்மாறானது. முதன்மைப் பாதை இன்றைய நாமக்கல் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தை ஆனங்கூர், காவிரி நிலையங்களில் தொட்டுவிட்டு ஈரோட்டுக்குப் பாலம் ஏறிவிட, மாவட்டத் தலைநகர் ரயில் இல்லாமலே வளர்ந்தது. லாரிக்கும் லாரி பாடி கட்டும் பட்டறைகளுக்கும் பெயர்பெற்ற ஊராக அது ஆனதில் இவ்வில்லாமைக்கும் பங்கு உண்டு என்று கருத இடமிருக்கிறது. சேலத்திலிருந்து மல்லூர், ராசிபுரம், நாமக்கல், மோகனூர் வழியே காவிரியைத் தாண்டி வாங்கல் சென்று கரூரை அடையும் சுமார் 85 கிலோமீட்டர்ப் பாதையில் பயணிகள் வண்டி ஓடத் தொடங்கியது 2013 மே மாதத்தில். மெட்ராஸ் ரயில்வே சேலம் வந்து நூற்றைம்பது ஆண்டுகள் கழிந்திருந்தன.

இவ்வளவு பாதையையும் வீட்டுக்குள் கொண்டுவர முயல்பவர் முதலில் எதிர்கொள்வது வகுத்தல் கணக்கை. சேலம்–கரூர் 85 கிலோமீட்டரை 87ஆல் வகுத்தால் ஏறத்தாழ 977 மீட்டர் வரும்; ஒரு தெருவையே வளைத்தாலும் அது அடங்காது. 24 பெட்டி கொண்ட விரைவு வண்டி மட்டுமே 6 மீட்டருக்கு மேல் நீளும். அகலப்பாதையில் அனுமதிக்கப்படும் மிகக் கூர்மையான வளைவின் ஆரம் 175 மீட்டர். 1:87இல் அது 2 மீட்டர், அதாவது வண்டி திரும்பி வருவதற்கே 4 மீட்டர் அகல அறை தேவை. கடையில் கிடைக்கும் வளைவுகள் அரை மீட்டர் ஆரத்தை ஒட்டியவை என்பதால், மேசைத் தடத்தில் ஓடும் எந்த வண்டியும் மெய்யான பாதை பொறுக்காத திருப்பத்தில்தான் திரும்புகிறது. சேலத்துக்கு மேல் 1,200 மீட்டருக்கும் அதிகமாக எழும் சேர்வராயன் மலை, விகிதப்படி செய்தால் குறைந்தது 14 மீட்டர், அதாவது நான்கு மாடி உயரம் நிற்கும். எனவே அது சுவரில் தீட்டிய ஓவியமாகவே இருக்க முடியும். மேட்டூர் அணையின் 214 அடி உயரம் முக்கால் மீட்டருக்குள் ஒடுங்கும், நீளமோ 18 மீட்டரைத் தாண்டும். நாமக்கல் கோட்டைப் பாறை ஒன்றுதான் ஏமாற்றாமல் ஒரு மீட்டர் உயரத்துக்குள் வந்து உட்காரும். ஆகவே எதை விடுவது என்று முடிவுசெய்வதே இக்கலையின் பெரும்பகுதி: சூரமங்கலத்தின் நடைமேடை ஒன்றைப் பாதியாக வெட்டி, வெண்ணிற மாக்னசைட் வெட்டியெடுக்கப்படும் குன்றுகளால் பெயர்பெற்ற மாக்னசைட் சந்திப்பை அதன் பக்கத்திலேயே வைத்து, மேட்டூர் செல்லும் நிலக்கரி வேகன்களுக்கு ஒரு கிளை கொடுத்தால் மேசை நிறைந்துவிடும்.

அகலத்தின் கணக்கு இதைவிடச் சுவையானது. எச்.ஓ.வின் 16.5 மி.மீ. தடம் ஐரோப்பாவின் 1,435 மி.மீ. பாதைக்காக வகுக்கப்பட்டது. இந்திய அகலப்பாதை அதே விகிதத்தில் 19.3 மி.மீ. இருக்க வேண்டும், எனவே சேலம் எஞ்சின் எதுவும் கடைத் தடத்தில் கால் இடுங்கி நிற்பதுபோலவே தோன்றும். மீட்டர்கேஜுக்குக் கணக்குப்படி வருவது 11.5 மி.மீ., கடையில் கிடைப்பது 12 மி.மீ. மொரப்பூர் நேரோகேஜின் 762 மி.மீ. இடைவெளியோ 8.76 மி.மீ. ஆகிறது; மிகச் சிறிய வண்டிகளுக்கான ‘என்’ அளவின் 9 மி.மீ. தடம் அதற்கு மயிரிழையில் பொருந்திவிடுகிறது. இச்சமவெளியின் பாதைகளில் மேசையில் மிகக் குறைந்த பிழையோடு அமையக்கூடியது, நிலத்தில் ஓர் அடிகூட எஞ்சாத பாதைதான்.

இந்தியாவில் இக்கலை பொதுமக்கள் பார்வைக்கு வந்த இடங்கள் சிலவே. பொறியியல் தொழிலில் இருந்த பி. எஸ். ஜோஷி புனேயில் பல ஆண்டு உழைப்பில் எச்.ஓ. அளவில் அமைத்த நகரமும் தடமும் 1998 முதல் அருங்காட்சியகமாக இயங்குகின்றன. சென்னை பெரம்பூரில் 1955இல் தொடங்கிய ரயில்பெட்டித் தொழிற்சாலையை ஒட்டி 2002இல் திறக்கப்பட்ட ரயில் அருங்காட்சியகத்தில் பெட்டிகள், எஞ்சின்களின் சிற்றுருவங்கள் உள்ளன. அவை காட்சிப் பொருள்கள், ஓடுவது வெளியே குழந்தைகளைச் சுமக்கும் வண்டி. ஓட்டும் முறையும் இதற்கிடையே மாறியது. 12 வோல்ட் நேர்மின்சாரத்தைத் தண்டவாளத்திலேயே செலுத்தும் பழைய முறையில், இரு வண்டிகளைத் தனித்தனியே ஓட்டத் தடத்தைப் பிரிவுகளாக வெட்டி ஒவ்வொன்றுக்கும் தனி சுவிட்ச் வைக்க வேண்டும். 1990களில் தரப்படுத்தப்பட்ட டிஜிட்டல் முறையில் ஒவ்வோர் எஞ்சினும் தன் எண்ணுக்கு வரும் கட்டளையை மட்டும் கேட்கிறது. பழைய பலகைகளைப் புதுப்பிப்போர் நீக்குவது இந்த வெட்டுகளையும் கம்பிக் கற்றைகளையும்தான்.

கைவினையைப் பொறுத்தவரை சேலம் வட்டாரத்துக்கு இது அந்நியமான வேலை அன்று. தடத்துண்டுகளின் இணைப்பில் மின்சாரம் அறாதிருக்க ஈயம் வைத்துப் பற்றவைக்கும் நுட்பம், கொலுசுப் பட்டறையில் கண்ணியோடு கண்ணி சேர்க்கும் பற்றவைப்புக்கு ஒன்றுவிட்ட உறவு. தகடு வளைத்து வேகன் உடல் கட்டுவது நாமக்கல் பட்டறை அன்றாடம் பெரிய அளவில் செய்வது. சிற்றுருத் தண்டவாளம் செய்யப்படும் உலோகத்துக்கு நிக்கல் சில்வர் என்று பெயர். செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த அதில் குன்றிமணி வெள்ளியும் கிடையாது என்பதை வெள்ளி வியாபாரம் நடக்கும் செவ்வாய்ப்பேட்டையில் யாரும் மறுகேள்வி கேட்காமல் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

2013க்கு முன் அமைந்த எந்தச் சேலம் மேசையிலும் நாமக்கல் கிளை இருந்திருக்க வழியில்லை. இன்று அதைச் சேர்க்க விரும்புபவர் சேலம் சந்திப்பின் முனையை அறுத்துப் புதிதாகத் தடம் பிரிக்கும் பாயிண்ட் ஒன்றைப் பதிக்க வேண்டும். மொரப்பூருக்கும் தர்மபுரிக்கும் இடையே மீண்டும் பாதை போட 2019இல் அடிக்கல் நாட்டப்பட்டது. திட்டமிடப்பட்டிருப்பது அகலப்பாதை, அது மேசைக்கு வரும் நாளில் 9 மி.மீ. தடத்தைப் பெயர்த்து 16.5 மி.மீ. தடத்தைப் பதிக்க வேண்டியிருக்கும், அல்லது இரண்டையும் அருகருகே வைத்துக்கொள்ளலாம்.